வண்டிக் கொட்டகையில் வைத்த சளி டப்பாக்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில், மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நான் சுகாதாரப் பணியாளராக இருந்தேன். வயது இருபத்திரண்டு, வாய்க்கு மட்டும் ஐம்பது. ஊர்ச் சுவர்களில் ஒரு பக்கம் உதயசூரியன், மறுபக்கம் அரிவாளும் சுத்தியலும். கூலி உயர்வு கேட்டு வயல் கூலியாட்கள் கொடி பிடிப்பார்கள்; பண்ணைக்காரர்கள் வெளியூர் ஆட்களை இறக்கி நடவை முடிக்கப் பார்ப்பார்கள்; வரப்பில் அடிதடி நடக்கும். அந்த வம்பெல்லாம் நமக்கெதற்கு, இருமுகிறவர்களைத் தேடிப்பிடித்துச் சளி வாங்குவதுதான் நம் வேலை என்று இருந்தேன்.

சளிப் பரிசோதனை ரொம்பச் சுலபம். ஊசி இல்லை, கத்தி இல்லை. விடிகாலையில் எழுந்து, வாயைக் கொப்பளித்து, மூச்சை நன்றாக இழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து காறி டப்பாவில் துப்பினால் போதும். காசநோய்க் கிருமி இருந்தால் மைக்ராஸ்கோப்பில் தெரிந்துவிடும்.

தெற்குத் தெருவில் நடவுக்குப் போகிற ஒருத்தி மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தாள். ரவிக்கை தோளில் தொங்கியது. நடவு தொடங்கும்போது எல்லாப் பெண்களும் குலவையிட, அவள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. எனக்கு அப்போதே சந்தேகம். அவளோடு சேர்த்து அந்தத் தெருவில் இருமுகிற எட்டுப் பேருக்கு டப்பா கொடுத்தேன்.

டப்பாக்களைச் சேகரிக்க எனக்குக் கிடைத்த இடம் பண்ணை வீட்டு வண்டிக் கொட்டகை. ஊர் நடுவில் நல்ல நிழல். பண்ணையின் காரியஸ்தர் மோர் கொடுத்து, “இங்கயே வச்சுக்கங்கம்மா” என்றார். பெரிய உபகாரம் என்று மகிழ்ந்துபோய், ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதி ஒட்டி வரிசையாக அடுக்கினேன். புத்திசாலி அல்லவா நான்!

முதல் தடவை யாருக்கும் ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. நான் விடவில்லை. மறுபடி டப்பா கொடுத்தேன். இந்த முறை அந்த நடவுப் பெண்ணின் டப்பாவைத் திறந்தால் சிவப்பு. ஐயோ, ரத்தம்! எட்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு, பஸ்ஸைப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அங்கே பரிசோதனை செய்பவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, இதுவா ரத்தம்? வெத்தலைச் சாறு. பொகையிலை வாசனை கூட வருது பாருங்க. எட்டு டப்பாவும் ஒரே மாதிரி இருக்கு.”

மானம் போயிற்று. திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அவளுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. பல் வெள்ளை வெளேரென்று இருக்கும். அந்தத் தெருவில் புகையிலையோடு வெற்றிலை போடுகிற பெண், நடவுக் கூட்டத்துத் தலைவி ஒருத்திதான்.

கோபம் தலைக்கேற நேராகப் போனேன். தலைவி வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

“எட்டுப் பேருக்கும் நீங்களே துப்பிக் குடுத்தீங்களா? என்ன விளையாட்டு இது? அவ செத்துப்போயிடுவா!”

அவர் நிமிர்ந்தார். “சாகட்டும்னா செஞ்சேன்? டப்பாவை நீங்க எங்க வச்சீங்க நர்சம்மா? பண்ணைக் கொட்டாயில. அதுல பேரையும் ஒட்டி! தெக்குத் தெருவுல சீக்குன்னு காரியஸ்தர் காதுல விழுந்தா போதும், அதைச் சாக்கா வச்சு நாளைக்கே வெளியாளை எறக்கிடுவாங்க. தெருவே பட்டினி கெடக்கணும். எனக்கு ஒரு நோயும் இல்லை, அதான் என்னுதைக் குடுத்தேன். போன தடவை வாய் கொப்பளிச்சுட்டுத் துப்பினேன், இந்தத் தடவை மறந்துட்டேன்.”

யாருடைய நிழலில் உட்கார்ந்து யாருடைய பெயரைக் கடை பரப்பியிருக்கிறேன்! பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்தி நின்றிருந்த அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: “நான் பொழச்சுக்குவேனா நர்சம்மா? புள்ளைங்க சின்னதுங்க.”

“தப்பு என்னுதுதான்” என்றேன். இந்த வார்த்தை என் வாயில் லேசில் வராது. “இனிமே கொட்டகை கிடையாது. டப்பாவுல பேர் கிடையாது, நம்பர்தான். விடியறதுக்குள்ள இந்த வாய்க்கால் கரைக்கே நான் வர்றேன். ஆனா உண்மையான சளி வேணும்.”

தலைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்படீன்னா தெருவே துப்பும். யாருக்கு நோய்னு எவனுக்கும் தெரியாது.”

பெயரில்லாமல் முடியாது என்று சுகாதார நிலையத்து டாக்டர் பிடிவாதம் பிடித்தார். நானும் விடவில்லை. கடைசியில், பெயர் அவருடைய ரிஜிஸ்டரில் மட்டும், டப்பாவில் எண் மட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாள் விடிகாலை, பனி இறங்கிய கரையில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு டப்பாவோடு நின்றார்கள். தலைவி வெற்றிலை போடாமல் வந்திருந்தார். அதனால் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தார். அந்தப் பெண்ணுக்கு எச்சில்தான் வந்தது. தலைவி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “மேலாக்க வேணாம்டி. நாத்து பறிக்கிற மாதிரி வேரோட வரட்டும்.” வந்தது.

அவள் எண்ணில் மட்டும் கிருமி நிறைய இருந்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஊசியும் மாத்திரையும். பண்ணை வீட்டுப் பக்கம் போகாமல், ஊசியை டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு சுற்றிப் போவேன். மழையில் இரண்டு முறை சேற்றில் விழுந்தேன், ஊசியை விடவில்லை. முதல் சில மாதங்கள் அவள் வயலுக்கு வரவில்லை. அவள் பங்கு நடவை மற்றவர்கள் நட்டார்கள். காரியஸ்தர் கேட்டபோதெல்லாம் ஒரே குரலில், “தாய் வீட்டுக்குப் போயிருக்கா” என்றார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் உண்மை வரவில்லை.

கடைசிப் பரிசோதனையில் கிருமி இல்லை. அடுத்த சம்பா நடவன்று நான் வேண்டுமென்றே அந்த வரப்பு வழியாகப் போனேன். குலவை எழுந்தது. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு குரல் மட்டும் நிற்காமல் நீண்டது. அவள்தான்.

“தாய் வீட்டுச் சாப்பாடு நல்லா ஒத்துக்கிச்சு போல” என்றார் வரப்பில் நின்ற காரியஸ்தர்.

“ஆமாங்க” என்று தலைவி வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அதன்பின் ஓய்வு பெறும்வரை எத்தனையோ ஊர்களில் சளி டப்பா நீட்டியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும், நீட்டுவதற்கு முன்னால் நான் யார் வீட்டு நிழலில் நிற்கிறேன் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.