முன்கூட்டியே எழுதிய நாடி

ஜீவராணிக்குச் செத்தவர்களை வாசிக்கிற வேலை. கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அவள் யாரிடமும் அப்படிச் சொல்வதில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அக்கம்பக்கத்தாருக்கு அவள் ஏதோ கவர்மெண்ட் ஒஃபிஸில் இருப்பவள், அவ்வளவுதான்.

இருபத்தேழு வருஷம் தாதியாக வார்ட் வார்ட்டாக நடந்து முழங்கால் இரண்டும் போன பிறகு, ஆஸ்பத்திரிகளைக் கண்காணிக்க அரசாங்கம் அமைத்த ஓர் ஆணைக்குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தது. மீளாய்வு அலுவலர் என்று பெயர். எங்காவது ஒரு நோயாளி இறந்து, வீட்டார் முறைப்பாடு கொடுத்தால், அந்த நோயாளியின் ஃபைல் கொம்பனித்தெருவில் இருந்த அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு வரும். ஜீவராணி அதை முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை வாசித்து, கவனிப்பில் குறை உண்டா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நோயாளியின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கும். தெரிந்த இடம், தெரிந்த ஆள் என்று யாரும் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. எது எந்த ஆஸ்பத்திரி என்ற பட்டியல் மேலதிகாரி டொக்டர் இராஜநாயகத்தின் இரும்பு அலுமாரியில் மட்டும் இருந்தது.

நல்ல ஏற்பாடுதான். யமன் எப்படி வந்தான், எத்தனை மணிக்கு வந்தான் என்பதெல்லாம் ஜீவராணிக்குத் தெரியும். எந்த வாசலில் நிற்கிறான் என்பது மட்டும் தெரியாது.

அவளுக்கு ஒரு பலவீனம் உண்டு. சுத்தமான சார்ட்டைக் கண்டால் மனம் இளகிவிடும். கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அந்தத் தாளில், தாதி இரண்டு மணிக்கொரு தடவை நாடி, பிரஷர், காய்ச்சல் மூன்றையும் அளந்து எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரு கட்டமும் விடுபடாமல் இருந்தால், 'இவள் கெட்டிக்காரி' என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். கெட்டிக்காரி எழுதியதை நம்பாமல் வேறு யார் எழுதியதை நம்புவது?

பெப்ரவரியில் ஒரு ஃபைல் வந்தது. அறுபத்தொரு வயதுப் பெண், பித்தப்பையில் ஒப்பரேஷன், மறுநாளே மரணம். வயிற்றுக்குள் இரத்தம் கசிந்திருக்கிறது. காலையிலிருந்து ஒருவரும் அம்மாவைத் தொட்டுப் பார்க்கவில்லை என்று மகன் நாலு பக்கம் எழுதியிருந்தான். ஜீவராணி சார்ட்டைப் பார்த்தாள். நாடி 76, 78, 78, 80. ஒவ்வொரு எண்ணும் முத்து முத்தாக இருந்தது. துக்கத்தில் இருப்பவர்கள் எதையும் சொல்வார்கள், பாவம். குறை இல்லை என்று எழுதி, பதிவுகளைப் பாராட்டி இரண்டு வரியும் சேர்த்து, பெப்ரவரி பதினோராம் திகதி கையெழுத்துப் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஃபைல் மூடியாயிற்று.

ஜூன் கடைசியில் இன்னொன்று வந்தது. நாற்பத்துநாலு வயது ஆண், குடலிறக்கத்துக்கு ஒப்பரேஷன். இந்தச் சார்ட்டும் சுத்தம். பார்த்துக்கொண்டே போனவள் கடைசிக் கட்டத்தில் நின்றாள். பகல் இரண்டு மணி, நாடி 80. மரணம் எத்தனை மணிக்கு என்று மறுபடியும் முதல் தாளைப் புரட்டினாள். பகல் 12.40.

செத்து ஒரு மணி இருபது நிமிஷம் ஆனவனுக்கு நாடி எண்பது.

எப்படி நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மணிக்கு டியூட்டி மாறும். அடுத்தவளிடம் வார்ட்டை ஒப்படைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் பன்னிரண்டு மணிக்கு எழுதும்போதே இரண்டு மணிக் கட்டத்தையும் நிரப்பிவிடுவது. அவளும் எழுதியிருக்கிறாள். அவள் காலத்தில் வார்ட்டில் எழுதாதவர்கள் யார்? நன்றாக இருக்கிற நோயாளிக்குத்தானே எழுதினேன் என்று இத்தனை வருஷமும் தன்னைத்தானே சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

பெப்ரவரி ஃபைலை எடுத்துவந்து பக்கத்தில் விரித்தாள். இரண்டிலும் சார்ட் தாள் ஒரே மாதிரி: ஓரத்தில் பச்சைக் கோடு, ஃபைலில் கோர்க்கும் ஓட்டை வலது பக்கத்தில். அப்படியென்றால் ஒரே ஆஸ்பத்திரி. எண்களும் அதே வரிசையில் 76, 78, 78, 80. இரத்தம் கசிகிற உடம்பில் நாடி குதிரை வேகத்தில் ஓடும் என்பது முதல் வருஷத் தாதிக்கே தெரியும். எண்பதில் நின்றால் யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம். அது பெப்ரவரியில் அவள் கண்ணில் படவில்லை. அந்த மனிதன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த திகதியைப் பார்த்தாள். மார்ச் இரண்டு. அவள் கையெழுத்துப் போட்டுப் பத்தொன்பது நாள் கழித்து.

அன்று சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

அதே வாரம்தான் வெள்ளவத்தையில் இருக்கும் தங்கை ஸ்ரீலேகா ஃபோன் பண்ணினாள். கர்ப்பப்பையில் கட்டி, மாதக்கணக்காக இரத்தப்போக்கு. அரசாங்க ஆஸ்பத்திரியில் டிசம்பருக்குத்தான் திகதி கிடைத்தது. அதுவரை தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டதால், தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வியாழக்கிழமைக்கு முடிவாகியிருந்தது.

"அக்கா, உனக்குத்தானே ஆஸ்பத்திரி கதையெல்லாம் தெரியும். அந்த இடம் நல்லதுதானே?"

கொழும்பில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், ஏதோ ஒரு வார்ட்டில் நோயாளியை யாரும் பார்ப்பதில்லை. அது தங்கை போகிற இடமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"கொஞ்சம் தள்ளிப்போடேன் லேகா."

"ஏன்?"

"சும்மாதான்."

"சோழியன் குடுமி சும்மா ஆடுமா? என்னான்னு சொல்லு."

ஃபைலில் உள்ளதை வெளியே சொல்லமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். சொன்னாலும் என்னவென்று சொல்வது? எங்கேயும் போகாதே என்றா? ஸ்ரீலேகா தலைசுற்றுகிறது என்று ஃபோனை வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை இரண்டு ஃபைலையும் தூக்கிக்கொண்டு இராஜநாயகத்தின் அறைக்குப் போனாள். அவர் கெட்டவர் இல்லை. பதினைந்து வருஷமாக இரண்டு பக்கத்துக்கும் நல்லவராக இருந்து பழகியவர்.

"ஓம், பிழைதான்," என்றார் பார்த்துவிட்டு. "ஆனா மூடின ஃபைலைத் திறக்கிறதெண்டா, 'என்ர முடிவு பிழை' எண்டு நீங்கள்தான் எழுதித் தரவேணும். அது குழுவுக்குப் போகும். உங்கட சேவை எக்ஸ்டென்ஷனும் அதே குழுவிலதான் கிடக்கு. கொஞ்சம் ஆறப்போடுங்கோ."

"எழுதிட்டேன் சேர்," என்று கடிதத்தை வைத்தாள்.

அவர் அதைத் தொடாமலே வாசித்தார். "குழு எசல போயா லீவெல்லாம் முடிஞ்ச பிறகுதான் கூடும்."

"சேர், ஒண்ணே ஒண்ணு. தங்கச்சிக்கு வியாழக்கிழமை ஒப்பரேஷன்." ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். "இது அந்த இடந்தானா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"அதை மட்டும் கேக்காதேங்கோ, ஜீவராணி. இண்டைக்கு உங்களுக்குச் சொன்னா நாளைக்கு இன்னொராளுக்குச் சொல்ல வேணும். பிறகு இந்த மையை ஏன் அடிக்கிறம்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த இடமாக இருந்தால் மனுஷன் எப்படியும் வாய் திறந்திருப்பார், பிள்ளைகுட்டிக்காரர்தானே என்று ஜீவராணி நினைத்தாள். நினைக்க விரும்பினாள் என்பதுதான் சரி. பயந்தவர்களுக்கு மௌனமும் நல்ல செய்தியாகத்தான் கேட்கும்.

வியாழக்கிழமை ஒப்பரேஷன் முடிந்தது. நன்றாக முடிந்தது என்று தங்கையின் கணவன் விக்ரமன் சொன்னான். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, நோயாளிகளைப் பார்க்கிற நேரத்தில், ஜீவராணி ஒஃபிஸில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனாள். பளபளவென்று துடைத்த தரை. வாசலில் செயற்கைப் பூ. லிஃப்டில் சங்கீதம்கூட வைத்திருந்தார்கள். அவளுக்கு அந்தச் சங்கீதம் பிடிக்கவில்லை.

ஸ்ரீலேகா கண்ணை மூடிக் கிடந்தாள். விக்ரமன் எழுந்து நின்று, "நல்ல நித்திரை அண்ணி. காலைலேந்து எழுப்பவே இல்ல, களைப்புத்தானேன்னு விட்டுட்டேன்," என்றான்.

ஜீவராணி கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள். தொங்கிய தாளின் ஓரத்தில் பச்சைக் கோடு. ஓட்டை வலது பக்கத்தில்.

தாளைக் கழற்றிக் கையில் எடுத்தாள். எட்டு மணி 76. பத்து மணி 78. பன்னிரண்டு மணி 78. இரண்டு மணி 80. சுவர்க் கடிகாரத்தில் அப்போது பன்னிரண்டு இருபத்தைந்து.

தங்கையின் கையை எடுத்தாள். கை குளிர்ந்து, வியர்த்து, ஈரமாக இருந்தது. மணிக்கட்டில் விரலை வைத்தவுடனேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பழக்க தோஷம், கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிஷமும் எண்ணினாள். நூற்று முப்பத்திரண்டு.

அவள் போட்ட சத்தத்தில் அடுத்த அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தமிழில் கத்தினாள், சிங்களத்தில் கத்தினாள், இங்கிலீஷில் டொக்டரைக் கூப்பிட்டாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க ஒரு தாதி ஓடிவந்து, பிரஷரைப் பார்த்துவிட்டு, முகம் வெளுத்து ஃபோனுக்கு ஓடினாள். பத்து நிமிஷத்தில் ஸ்ரீலேகாவை மறுபடியும் ஒப்பரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். விக்ரமன் பின்னாலேயே போனான், ஒரு காலில் செருப்பில்லாமல்.

ஜீவராணி தியேட்டருக்கு வெளியே சுவரோரமாக உட்கார்ந்தாள். தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டாள். கூப்பிடுகிறபோதே, அந்தப் பெப்ரவரி ஃபைலின் மகனும் இப்படித்தானே ஒரு கதவுக்கு வெளியே இருந்திருப்பான் என்று தோன்ற, பிரார்த்தனை பாதியில் நின்றுவிட்டது. நாலு பக்கம் எழுதியவனைத் துக்கத்தில் உளறுகிறான் என்று மூடி வைத்தவளுக்கு எந்தத் தெய்வம் செவிசாய்க்கும்?

சாய்த்தது. மூன்று மணிக்கு டொக்டர் வெளியே வந்தார். உள்ளே ஒரு இரத்தக் குழாய் கசிந்திருக்கிறது, கட்டியாயிற்று, ஆள் பிழைத்துக்கொள்வாள் என்றார். இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் என்று தொடங்கியவர், மீதியைச் சொல்லாமல் போய்விட்டார். ஜீவராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கீழே வார்ட்டுக்குத் தங்கையின் சாமான்களை எடுக்கப் போனபோது, அந்தத் தாதி இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. மருந்து அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள். சட்டையில் நிம்றா என்று பெயர் குத்தியிருந்தது.

"பிழைச்சிட்டா," என்றாள் ஜீவராணி. திட்டத்தான் நினைத்திருந்தாள். வாய் வரவில்லை. "ஏன் மகள் அளக்காம எழுதின?"

"நான் ஒராள்தான் மிஸ் ஈக்கிறேன். இருவத்தாறு கட்டில். மத்தவங்க எல்லாம் வெளிநாட்டுக்குப் போய்ட்டாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கட்டில பாக்க நேரமில்லாட்டியும் சார்ட்ட வெறுமையா உட வாணாம் என்டு மேட்ரன் சொன்ன. முந்தி ஒரு கேஸ்ல சார்ட் சுத்தமா ஈந்ததாலதான் தப்பினோமாம். கமிஷன்லேந்து பாராட்டி எழுதி ஈந்தாங்க. அந்தா ஒட்டீக்கி."

அலுமாரிக்கு மேலே, பிளாஸ்டிக் உறையில், ஜீவராணி எழுதிய இரண்டு வரியும் இருந்தன. கீழே கையெழுத்து இருந்த இடத்தில் கறுப்பு மை அடித்திருந்தது.

ஜீவராணி கிட்டப் போய் அந்த இரண்டு வரியையும் மறுபடி வாசித்தாள்.

"இது ஒட்டினதுக்குப் பிறகு," என்றாள், "இந்த வார்ட்டில எத்தனை பேர்?"

நிம்றா விரல் மடித்தாள். "எனக்குத் தெரிஞ்சு நாலு பேரு, மிஸ்."

அவள் மேசைக்கு ஃபைலாக வந்தது மார்ச் மாதத்து மனிதன் ஒருவன்தான்.

"மத்த மூணு வீட்டுக்காரங்களும் ஒண்ணும் கேக்கலையா?"

"வந்து கேட்டாங்க மிஸ். மேட்ரன் சார்ட்டக் காட்டின. பாத்துட்டு ஒண்டும் பேசாம போய்ட்டாங்க."