தங்கை வீட்டுக் கம்பிகள்

கேமரா லென்ஸ்களை வாடகைக்கு விடும் கடையில், திரும்பி வந்த லென்ஸ்களைச் சோதித்துத் தேறுமா தேறாதா என்று சொல்வதுதான் அவள் வேலை. எதையும் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்தே பார்ப்பதால் கடையில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர்.

நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸை மேசையிலேயே முடித்துவிடுவாள். ஓர் உப்புக்கல்லோ செத்த எறும்போ போதும். தூரத்தை இழுத்துக் காட்டும் டெலிபோட்டோவுக்கு மொட்டைமாடி ஏற வேண்டும். முக்காலியில் பூட்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடியைக் குறிவைப்பாள். பால்கனிக் கம்பிகள் பிசிறில்லாமல் தனித்தனியாகத் தெரிந்தால் லென்ஸ் தேறியது.

அவை அவள் தங்கை வீட்டுக் கம்பிகள். கடையில் யாருக்கும் அது தெரியாது.

அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, யார் பார்த்துக்கொள்வது என்று அக்கா தங்கைக்குள் வாய்த்தகராறு. "நீ அம்மா பெத்த பொண்ணா, வந்துபோற விருந்தாளியா?" என்று இவள் கேட்டுவிட்டாள். அம்மா போன பிறகு பேச்சு அறவே நின்றது. கணவனை இழந்து ஒற்றை மகளோடு இருந்த தங்கையின் வாழ்க்கையை, கொடியில் காய்ந்த துணிகளை வைத்தே இவள் அறிந்திருந்தாள். பள்ளிச் சீருடை ஆண்டுக்காண்டு நீண்டுகொண்டே வந்தது.

ஒரு காலையில் ஃபோகஸைத் திருகியபோது, கம்பிகளுக்குப் பின்னால் தங்கை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். தலையில் ஒரு முடிகூட இல்லை. இவள் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். லென்ஸில் ஒரு கோளாறும் இல்லை.

ஆற்றைக் கடந்து போய்த் தட்டியபோது, கதவைத் தங்கையே திறந்தாள்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. பார்த்தேன்."

"எங்கேருந்து?"

இவள் ஆற்றுப் பக்கம் கைகாட்டினாள். தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடிப்பாவி! நான் நைட்டிய உள்பக்கம் வெளியா மாட்டிக்கிட்டு நின்னதையுமா?"

"அதையும்தான்."

"அப்பவே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்ல அக்கா."

தங்கை கதவை அகலத் திறந்துவிட்டாள்.

அன்றிலிருந்து வேலை விட்டதும் நேரே அங்கேதான். கஞ்சி ஊட்டினாள்; வாந்திக்குப் பாத்திரம் பிடித்தாள். ஒருநாள் தங்கை, "பாப்பாவுக்கு என் படம் ஒண்ணு வேணும். கிட்ட வந்து எடு," என்றாள். கடையின் நல்ல லென்ஸ் எதையும் இவள் தொடவில்லை. தேறாது என்று தானே ஒதுக்கிய பழசு ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். அது முகத்தைச் சற்றுக் குழைத்து, சோர்வை மறைத்துக் காட்டும்.

"நல்லா இருக்கேன்ல?"

"இருக்கடி."

மழைக்காலம் முடியுமுன் தங்கை போய்ச் சேர்ந்தாள். மகள் இவள் வீட்டுக்கு வந்தாள். ஒரு காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, ஷூ லேஸைக் கட்டியபடி தலை நிமிராமல் கேட்டாள்:

"பெரியம்மா, நீங்க ஏன் அம்மாகூட பேசாம இருந்தீங்க?"

"வீம்புடி கண்ணு. வேற ஒண்ணுமில்ல."

அவள் முடிச்சை இறுக்கிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.