ஒரு கூடை மண் சுமக்காத ஊர்

எங்கள் ஊருக்குச் சரித்திரம் எழுதுவதாக ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கிளம்பினார். பஞ்சாயத்து போர்டு ஏற்பட்ட நாளிலிருந்து பிரசிடெண்டாக இருந்தவர்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு நாலு வரி எழுதிக்கொண்டு என்னிடம் காட்ட வந்தார். ரோடு போட்டவர் நல்லவர், விளக்குக் கம்பம் நட்டவர் ரொம்ப நல்லவர் என்று போய்க்கொண்டிருந்தது. சுதந்திரத்துக்கு முன்னால் இருந்த ஒருவருக்கு மட்டும் ஒரே வரி. 'ஊராரை ஏளனமாகப் பேசிப் பதவி இழந்தார்.' எனக்கு வந்த கோபத்தில் காகிதத்தை அவர் மடியிலேயே போட்டேன். "ஊர்ல எல்லாரையும் கேட்டுத்தான் எழுதினேன்" என்றார். எல்லாரும் சேர்ந்து சொன்னால் பொய் மெய்யாகிவிடுமா? அந்தப் பேச்சு நடந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். இத்தனை காலம் வாயைத் திறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது ஏரிக்கரைக்குக் கல் பதித்துவிட்டார்கள். இனிமேல் சொல்லலாம்.

அப்போது நான் போர்டு ஆபீஸில் குமாஸ்தா. திருமுல்லைவாயிலிலிருந்து வண்டிப் பாதையில் போனால் எங்கள் ஊர் ஏரிக்கரைதான் முதலில் தெரியும். கரைக்கு அடியிலேயே சேரி. அதைத் தாண்டி வயல். அதையும் தாண்டி மேட்டில் நிலக்காரர்கள் வீடுகள். கரை உடைந்தால் தண்ணீர் முதலில் எந்தக் குடிசைக்குள் புகும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஏரியில் பாசனம் செய்கிற ஒவ்வொரு குடும்பமும் வருஷா வருஷம் கரைக்கு மண் போட வேண்டும் என்பது பழைய வழக்கம். வழக்கம் என்னவோ வழக்கம்தான். ஆனால் எந்த நிலக்காரரும் தன் தலையில் கூடையை வைத்ததில்லை. சேரியிலிருந்து ஓர் ஆளை அனுப்பிவிட்டு, கரையில் குடை பிடித்து நின்று அதட்டுவதோடு அவர்கள் கடமை தீர்ந்துவிடும். அந்த வருஷம் சேரி ஆம்பிளைகளில் பாதிப் பேர் ரயில் பாதை வேலைக்குப் போய்விட்டார்கள். அனுப்ப ஆள் இல்லை. கரை அப்படியே கிடந்தது. ஐப்பசி பிறந்துவிட்டது.

ஏரியைப் பார்க்க சர்க்கார் ஓவர்சியர் வந்தார். கரை மேல் நாங்கள் நாலு பேர்: ஓவர்சியர், பிரசிடெண்டு, போர்டு மெம்பர் ஒருவர், நான். பிரசிடெண்டு நாற்காலி மேல் அந்த மெம்பருக்கு வெகு நாளாக ஒரு கண். ஓவர்சியர் கரையில் இருந்த பொந்தைக் குடைக்கம்பால் குத்திப் பார்த்துவிட்டு, "இந்த ஊரில் எல்லாரும் கை அழுக்காகாமல் பயிர் செய்கிறவர்கள். கரை இந்த மழைக்கு நிற்காது" என்றார். பிரசிடெண்டுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். உடனே சொன்னார்:

"ஒரு கூடை மண்ணு கூட எங்க ஊர்க்காரன் தன் தலையில சொமக்க மாட்டான். அப்டித்தான நீங்க நெனச்சிகினு கீறீங்க? நான் கூப்ட்டா வருவாங்க சார். வந்து பாருங்க."

இதுதான் அவர் பேசியது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மறுநாளே தமுக்கு அடித்து ஊரைக் கூப்பிட்டார். யார் வந்தார்கள்? சேரியில் மிச்சமிருந்த பெண்களும் கிழவர்களும் வந்தார்கள். மேட்டுத் தெருவிலிருந்து ஒரு ஈ காக்காய் கூட வரவில்லை. பிரசிடெண்டு வெறுங்கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தாமே ஒரு கூடையைத் தூக்கினார். அவர் ஒருவர் தூக்கி என்ன ஆகும்?

இதற்குள் குமணன்சாவடி காபிக் கடையில் மெம்பர் வேலையை ஆரம்பித்துவிட்டார். எலெக்‌ஷன் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. "'ஒரு கூடை மண்ணு கூட எங்க ஊர்க்காரன் தன் தலையில சொமக்க மாட்டான்.' யாராண்ட சொல்றாரு? சர்க்கார் ஆளாண்ட! என் ரெண்டு காதால கேட்டேன்" என்றாராம். காதால் கேட்டது நிஜம்தான். கேட்டதில் முதல் வரியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு மற்றதைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். ஊர் அதற்குக் கண்ணும் மூக்கும் வைத்தது. பொழுது சாய்வதற்குள் பிரசிடெண்டு எங்களைச் சோம்பேறி என்றார், தண்டச்சோறு என்றார், எங்கள் அப்பன் பாட்டனையெல்லாம் பேசினார் என்று ஆகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான் கொதித்துப்போனேன். மழை இரண்டு நாளாக விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்துகொண்டே அவர் வீட்டுக்கு ஓடி, "தமுக்குக்காரனைக் கூப்பிடுங்க. நீங்க முழுசா இன்னா சொன்னீங்கன்னு தெருத் தெருவா நானே போயி சொல்றேன்" என்று கத்தினேன். அவரும் எழுந்துவிட்டார். அவருக்கும் வலித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

வாசலில் ஊரே வந்துகொண்டிருந்தது.

மேட்டுத் தெரு ஆம்பிளைகள் அத்தனை பேரும். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, கையில் மண்வெட்டி, இடுப்பில் கூடை. "யாருய்யா ஒரு கூடை சொமக்க மாட்டான்? வந்து பாருய்யா!" என்று ஒருவர் அவர் முகத்துக்கு நேராகவே கத்திவிட்டுப் போனார். கூட்டம் வீட்டு முன்னால் நிற்கக்கூட இல்லை. நேரே ஏரிக்கரைப் பக்கம் திரும்பியது.

நான் கூட்டத்தை மறித்து உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். பிரசிடெண்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி இரும்பாக இருந்தது.

"வாய மூடுறா. கரை ஏறட்டும்."

"ஐயா, அவங்க ஒங்கள..."

"நான் கூப்ட்டேன், வரல. அவன் பொய்யி கூப்ட்டுச்சி, வந்துட்டாங்க. கரைக்கு இன்னா தெரியும், எது கூப்ட்டதுன்னு?"

அன்று கரையில் நான் பார்த்ததை இன்று நினைத்தாலும் மெய் சிலிர்க்கிறது. ஊரில் பரிவட்டம் கட்டிக்கொள்கிற தலைகளில் சேற்று மண் கூடை. அவர்களுக்குச் சும்மாடு சுற்றத் தெரியவில்லை. துண்டு நழுவிக் கூடை சரிந்து, சேறு கழுத்து வழியாக முதுகில் இறங்கியது. சேரிப் பெண்ணொருத்தி பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், எட்ட நின்றபடியே தன் துணியைச் சுற்றிக் காட்டினாள். "இப்டி முறுக்குங்க ஆண்டே! வட்டமா! நடுவுல பள்ளம் வைங்க!" அவளுக்கு எதிரே நின்ற நிலக்காரரும் அப்படியே சுற்றிக்கொண்டார். என் ஆயுளில் அதற்கு முன் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

பிரசிடெண்டு கரை உச்சியில், பொந்து வாய் பிளந்திருந்த இடத்தில் முழங்கால் சேற்றில் நின்றார். வருகிற ஒவ்வொருவரும் அவர் காலடியில் கூடையைக் கவிழ்த்து, "இந்தாய்யா பிரசிடெண்டே, ஒரு கூடை!" என்றார்கள். சிலர் வேண்டுமென்றே அவர் மேல் தெறிக்கும்படி கொட்டினார்கள். அவர் காலால் மிதித்து மிதித்து மண்ணை இறுக்கினார். மெம்பரும் தப்ப முடியவில்லை. கிளப்பிவிட்டவரே வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? பெரிய தொந்தியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க, அவரும் ஒரு கூடையைக் கொண்டுவந்து கவிழ்த்தார். இருவர் கண்களும் ஒரு நிமிஷம் சந்தித்தன. மெம்பர்தான் முதலில் குனிந்தார். அவரால் "இந்தா ஒரு கூடை" என்று சொல்ல முடியவில்லை.

தண்ணீர் கரையின் நெற்றியைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. சேரியில் ஒரு அடுப்பும் நனையவில்லை.

மழை விட்டதும் மறுபடி அவரிடம் போனேன். இப்போதாவது சொல்லலாமா என்று கேட்டேன். அடுத்த வாரம் எலெக்‌ஷன். சொல்லாவிட்டால் தோற்பது நிச்சயம். அந்த நாற்காலியை அவர் உயிராக நினைத்தவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் தாமே துடைப்பார்.

ஏரிக்கரைப் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இப்ப சொன்னா, நம்மள ஏமாத்திட்டாங்கன்னு நெனப்பாங்க. அத்தோட கூடையைப் பரண்ல போட்ருவாங்க. அடுத்த வருசமும் மழ பெய்யும்பா."

"பேரு கெட்டுப்போவுதே ஐயா."

"என் பேரா கரைய தாங்குது?"

கையைக் கொடு என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கரைக்கு மனுஷன் கை தேவைப்படுகிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் வந்த அழுகை என்று அப்போது நினைத்தேன். இல்லை. அவ்வளவு பெரிய மனசை அத்தனை கிட்டத்தில் பார்த்தால் மனுஷனுக்கு அப்படித்தான் வருகிறது.

எங்கள் ஊரில் அப்போதெல்லாம் ஓட்டுப் பெட்டி கிடையாது. கோயில் முன்னால் கூட்டி, கை தூக்கச் சொல்லி எண்ணுவார்கள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பிரசிடெண்டின் பெயரைச் சொன்னார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள். என் கையும் அதில் ஒன்று. மெம்பரின் பெயரைச் சொன்னார். மேட்டுத் தெரு மொத்தமும் கையைத் தூக்கியது. எனக்குத் தலை நிமிரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன்.

பக்கத்தில் நின்ற பிரசிடெண்டு என் தோளைத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தால், தோற்ற மனுஷன் முகத்தில் கல்யாண வீட்டுக் களை. தம்மை வேண்டாம் என்று தூக்கிய அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாடா?" என்றார், மெதுவாக. "எல்லாக் கையிலயும் கொப்புளம் கீது."