கடலில் காட்டிய இடம்

பினாங்குத் துறைமுகத்துக்குப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் நான் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய வருஷம், தன் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் எங்களுக்குப் பழைய பூகோள உருண்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்.

முதலில் வகுப்பறையைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரையச் சொன்னேன். அப்புறம் பள்ளியிலிருந்து கடற்கரை வரை உள்ள தெருக்களை. மூன்றாம் வாரம்தான் உருண்டையைத் தொடவிட்டேன்.

"நீலமெல்லாம் தண்ணி. அங்க யாரும் இருக்கமாட்டாங்க," என்றேன். நாகப்பட்டினத்தையும் பினாங்கையும் காட்டி, கப்பல் ஏழு நாளில் வந்துவிடும் என்றும் சொன்னேன்.

ஏழு வயதுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "ஏழு நாள்தானா டீச்சர்?"

"ஆமா. காத்து மழைன்னா ஒரு நாள் கூடும்."

அவள் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.

மறுநாள் மதியம் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் அப்பா வந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்.

"அம்மா கப்பல்ல வந்துகிட்டே இருக்காங்கன்னு பாப்பாகிட்ட சொல்லி வச்சிருந்தேன் டீச்சரம்மா. நேத்து வந்து, ஏழு நாள்தானாமேன்னு கேட்டுச்சு. அதுக்கு மேல மறைக்க முடியல. சொல்லிட்டேன்."

தீபாவளி கழிந்து கப்பலேறிய அவர் மனைவி, காய்ச்சல் கண்டு நடுவழியில் இறந்துபோயிருந்தாள். ஐந்தாம் நாள் விடியும்போது கடலில் இறக்கிவிட்டதாகக் கூட வந்தவர்கள் சொன்னார்களாம்.

"அது எந்த எடம்னு இதுல காட்ட முடியுமா? பாப்பா பாக்கணுங்குது."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அது வரவில்லை. இரண்டு ஊருக்கும் இடையே நூல் பிடித்து, ஏழு பங்காக்கி, நாகப்பட்டினத்திலிருந்து நான்கு பங்கு தள்ளி விரலை வைத்தேன்.

"பக்கத்துல தீவு இருக்கா?"

"இருக்கு."

"அப்போ தனியா இல்ல," என்றார்.

சிறுமி அந்த இடத்தைத் தொட்டாள். பிறகு விரலை முகர்ந்து பார்த்தாள்.

அதன்பின் நான் உருண்டையைச் சுற்றும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். "மெதுவா சுத்துங்க டீச்சர். அம்மாவுக்குத் தல சுத்தும்." மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. சில நாளில் அவர்களும் அதையே சொல்லத் தொடங்கினார்கள். நான் உருண்டையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தேசப்படத்தைச் சுவரில் மாட்டிப் பாடம் நடத்தினேன்.

பல வருஷம் கழித்து நான் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறினேன். நான்காம் நாள் விடியலில், அன்று விரல் வைத்த இடம் வந்திருக்கும் என்று கணக்கிட்டு, தளத்தில் போய் நின்றேன். எந்தப் பக்கமும் தீவு தெரியவில்லை. கப்பல் எந்த வழியாகப் போகிறது என்று மாலுமியிடம் கேட்கப் போனேன், பாதியில் திரும்பிவிட்டேன்.