செங்கல் நிறம் வராத தேன்

தேன் நிறுவனத்தின் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்குச் ‘செங்கல்’ என்று பட்டப்பெயர். கொதிக்கும் நீலக் கரைசலில் தேன் கலந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். நல்ல தேனென்றால் நீலம் மறைந்து செங்கல் நிறம் படியும். கரும்புச் சர்க்கரைக்கு அந்த நீலம் அசைந்து கொடுக்காது. “செங்கல் வந்தாச்சு” என்று அவள் குரல் கொடுத்தால்தான் பீப்பாய்கள் உள்ளே இறங்கும்.

அன்று வந்தது அவள் அண்ணன் அனுப்பிய தேன். சொட்டு விட்டுக்கொண்டே இருந்தாள். நீலம் நீலமாகவே நின்றது. கரைசல் பழசோ என்று புதிதாகக் கலக்கிப் பார்த்தாள். அதே கதை. கரும்புச் சர்க்கரை இருந்தால் அதை உடைத்துக் காட்டிவிடும் அமிலத்தோடு கொஞ்சம் தேனைக் கொதிக்கவைத்து மறுபடி சோதித்தாள். சட்டென்று செங்கல் நிறம் இறங்கியது. பேருக்குத்தான் தேன், மற்றதெல்லாம் சர்க்கரைப் பாகு.

மேலாளர் கேட்டார். “உங்க அண்ணன் சரக்காச்சே, என்ன பண்ணலாம்?”

“திருப்பி அனுப்பிடுங்க சார்.”

அன்று மாலையே அண்ணன் போன் செய்தார். “ஊரே கலக்குது. என் தேன்தான் உன் கண்ணை உறுத்துச்சா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்லியிருந்தா என்னண்ணே பண்ணியிருப்ப?”

போன் வைக்கப்பட்டது. அவள் அடுப்பில் இருந்த பாலை இறக்கினாள். கோபமோ துக்கமோ வரவில்லை.

அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அண்ணி ரகசியமாகப் பேசினாள். “வந்துடாதேம்மா. அவரு இன்னும் தணியல.”

“சரி அண்ணி.”

கல்யாணத்தன்று வேலைக்குப் போனாள். குடுவைகளைக் கழுவினாள், வந்த மாதிரிகளைப் பார்த்தாள், கொண்டுபோன சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

வீட்டில் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “வாய்விட்டு அழுதுடேன். பாரம் குறையும்.”

“வந்தா அழமாட்டேனா? வரலையே. நீங்க போய் மாவை அரைச்சு வைங்க.”

அடுத்த பருவத்தில் அண்ணன் பெயரில் மறுபடி பீப்பாய்கள் வந்தன. நாலைந்து சொட்டிலேயே நீலம் மறைந்தது. “செங்கல் வந்தாச்சு” என்றாள். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

“உங்க அண்ணனும் வந்திருக்காரு. உள்ள வரச் சொன்னேன், மாட்டேன்னுட்டாரு” என்றார் பீப்பாய்களைக் கொண்டுவந்த டிரைவர்.

அவள் ஜன்னலுக்குப் போனாள். வெளிக்கதவுக்கு அப்பால் நின்ற வண்டியில், முதுகைக் காட்டியபடி அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த குடுவையை எடுத்தாள்.