பிரான்சில் புதன், புதுச்சேரியில் வெள்ளி

ஆங்கிலப் படங்கள் எங்கள் ஊருக்கு வெள்ளிக்கிழமை வரும். பிரான்சில் பல படங்கள் புதன்கிழமையே வந்துவிடும். மற்ற ஊர்க்காரர்களுக்கு இதனால் ஒரு நட்டமும் இல்லை. புதுச்சேரியில் அப்படியில்லை, இங்கே தெருவுக்கு ஒருவராவது பிரான்சில் இருக்கிறார். எங்கள் வீட்டில் அது அத்தை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைச் சொல்தா என்போம். அத்தை வாழ்க்கைப்பட்டது ஒரு சொல்தா வீட்டில். அவருக்கு ஒரு மகன். என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவன், வாய் மட்டும் இருபது வயது பெரியது. பத்து வயதில் நான் பட்ட ஒரு பாட்டுக்கு அவன்தான் காரணம்.

அப்பாவின் தம்பியான சித்தப்பா அப்போது கல்யாணமாகாதவர், சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை. சூப்பர் ஹீரோ படமென்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஒன்றன்பின் ஒன்றாக வந்த அந்த வரிசைப் படங்களைப் பத்து வருடமாக ஒன்று விடாமல் முதல் நாளே பார்த்தவர். எனக்கு ஐந்து வயதானதிலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். படம் முடிந்து பெயர்கள் ஓடி முடியும்வரை எழுந்திருக்கமாட்டார், கடைசியில் ஒரு துண்டுக் காட்சி வரும் என்று. துடைப்பத்தோடு காத்திருக்கும் அக்காக்கள் எங்கள் இருவரையும் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டு முகத்தைச் சுளிப்பார்கள்.

தீர்ப்பு அதற்குப் பிறகுதான். தியேட்டரில் சொல்லமாட்டார், வண்டியிலும் சொல்லமாட்டார். ஜூஸ் கடையில் சாத்துக்குடி ஜூஸ் தீர்ந்து, ஸ்ட்ரா கொர்ரென்று சத்தம் போட்டபின் வாயைத் திறப்பார். தெருப் பையன்கள் அந்தத் தீர்ப்பைக் கேட்டுக்கொண்டுதான் டிக்கெட் எடுப்பார்கள்.

பறப்பவன், மறைபவன் என்று அந்தப் படங்களில் பல பேர் உண்டு. சித்தப்பாவுக்குப் பிடித்தது வேறு யாரும் சீண்டாத ஒருவன். மற்றவர்கள் மேல் விழவேண்டிய அடிக்குக் குறுக்கே போய் நின்று, அதைத் தான் வாங்கிக்கொள்வதுதான் அவனுடைய சக்தி. திருப்பி அடிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் அவனுக்கு இடிதாங்கி என்று பெயர். நானும் அவன் கட்சிதான். என் பென்சில் டப்பாவின் மேல் அவன் படத்தை ஒட்டி வைத்திருந்தேன்.

எல்லா ஹீரோக்களும் ஒன்றாக வரும் பெரிய படம் அந்தக் கோடையில் வெளிவந்தது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்காகச் சித்தப்பா இரண்டு பேரிடம் கெஞ்சி ஷிப்டு மாற்றிக்கொண்டார். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்கப் போகிற தேதிக்குக்கூட இவன் வட்டம் போட்டதில்லை என்றார்.

புதன்கிழமை சாயந்திரம் அம்மாவின் போன் அடித்தது. வீடியோவில் அத்தை மகன். வாய் நிறைய ரொட்டி. நான் எடுத்ததும் எடுக்காததுமாகச் சொன்னான்.

"படம் பாத்துட்டேன். இடிதாங்கி செத்துட்டான்."

எனக்கு அழுகை வருவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டான். "மாமாகிட்ட சொல்லிடாத. சொன்னா அவருக்குப் படமே போச்சு." சித்தப்பாவைத்தான் அவன் மாமா என்பான். அத்தோடு போனை வைத்துவிட்டான். பத்து வருடக் காத்திருப்பைக் கெடுக்கிற அந்தச் செய்தி இப்போது என் வாய்க்குள் இருந்தது.

வேலை முடிந்து வந்த சித்தப்பா முதல் வேலையாகக் கேபிள் ஒயரைப் பிடுங்கினார். அம்மாவின் போனை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினார். வெள்ளிக்கிழமை வரை வீட்டில் யாரும் படத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்றார். மறுநாள் என்னை டியூஷனுக்கும் அனுப்பவில்லை. அங்கே பையன்கள் எதையாவது உளறுவார்களாம். அம்மா கத்தினார். சித்தப்பா அசையவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை கதவையும் சாத்துகிறாரே, செய்தி எனக்குள் உட்கார்ந்து அவர் தட்டிலேயே முறுக்கு எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறதே என்று நினைத்தேன்.

ஒரேயடியாக அதிர்ச்சி அடையாமல் இருக்க அவரைக் கொஞ்சம் தயார்படுத்தலாம் என்று எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வியாழக்கிழமை டீ குடிக்கும்போது கேட்டேன்.

"சித்தப்பா, ஒருவேள அதுல யாராவது செத்துட்டா?"

டீ சட்டையில் சிந்தியது. "யாருடி சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மாதான் கேட்டேன்."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சிரித்தார். "அதெல்லாம் ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவாது பாப்பா. இடிதாங்கி இருக்கான் இல்ல?"

உள்ளே போய்ப் பாவாடையில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தியேட்டரில் விசில் காதைப் பிளந்தது. ஒவ்வொரு ஹீரோ வரும்போதும் முன்வரிசைக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். எனக்கோ ஒரே ஒரு கேள்விதான். அந்த இடம் வரும்போது சித்தப்பாவின் முகம் எப்படி மாறும்? அழுவாரா? பெரியவர்கள் அழுதால் சத்தம் வருமா? இடிதாங்கி வந்த முதல் காட்சியில் அவர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். ஒன்றும் தெரியாமல் இப்படிச் சிரிக்கிறாரே என்று நினைத்தேன்.

கடைசிச் சண்டை வந்தது. வானத்திலிருந்து ஏதோ பெரிதாக இறங்கியது. மற்றவர்கள் சிதறி ஓட, இடிதாங்கி குறுக்கே நடந்து போனான். தியேட்டரே அடங்கிவிட்டது. இதுதான் என்று எனக்குத் தெரிந்தது. சட்டென்று சித்தப்பா பக்கம் திரும்பினேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மடித்த கைக்குட்டை இருந்தது. இருவரும் அப்படியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தில் திரையின் வெளிச்சம் மாறி மாறி விழுந்தது. பார்க்கத் தாங்காமல்தான் திரும்பிக்கொண்டார் என்று நினைத்தேன். அவர் நீட்டிய கைக்குட்டையை வாங்கி அவருக்காக அழுதேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஜூஸ் கடையில் ஸ்ட்ரா கொர்ரென்றது. நான்கைந்து பையன்கள் சுற்றி நின்றார்கள். "எப்பிடிண்ணே படம்?"

"எல்லாரையும் ஒரே பந்தியில உக்கார வெச்சிட்டான். பரிமாறத்தான் ஆளில்ல," என்றார் சித்தப்பா. வந்தவன் எவனுக்கும் நின்று இரண்டு வார்த்தை பேச நேரமில்லை, கல்யாண வேனில் வந்து இறங்கிச் சாப்பிட்டு ஏறிப்போன சொந்தக்காரர்கள் மாதிரி இருந்தது என்றார். பையன்கள் சிரித்தார்கள். ஒருவன் கடைசிச் சண்டையைப் பற்றிக் கேட்டான். சித்தப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"அத இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் போனார். என்னைக் கூப்பிடவே இல்லை. ஐந்து வருடத்தில் என்னை விட்டுவிட்டுப் போன முதல் படம் அதுதான். கண் சிவந்து திரும்பிவந்தவரிடம் நான் இரண்டு நாள் பேசவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு அவருக்கு அவ்வளவு நல்லது செய்த என்னை இப்படி ஒதுக்கிவிட்டாரே என்று ஆத்திரம். அவரும் காரணம் சொல்லவில்லை. தெருப் பையன்களுக்கு மட்டும் கடைசிச் சண்டை பிரமாதம் என்று தீர்ப்புப் போனது.

போன வருடம் அத்தை மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். தாடி வைத்திருக்கிறான், வாய் மட்டும் மாறவில்லை. கடற்கரைச் சாலையில் நடக்கும்போது பழைய கதை வந்தது. நான் அந்த இரண்டு நாள் பட்ட பாட்டைச் சொன்னேன். அவன் நடையை நிறுத்தினான்.

"மாமாவுக்கு மொதல்லயே தெரியுமே. உனக்கு முன்னாடி அவருக்குத்தான் போன் போட்டேன். திட்டித் தீத்துட்டாரு. 'எனக்குப் போனது போவட்டும், பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத'ன்னு கெஞ்சினாரு." கொஞ்சம் தலையைச் சொறிந்தான். "அவரு அப்பிடிச் சொன்னதாலதான் எனக்கு உனக்கும் போன் போடணும்னு தோணிச்சி."

கேபிள் ஒயர், அரிசி டிரம், டியூஷன், சிந்திய டீ, அந்தச் சிரிப்பு, மடித்த கைக்குட்டை எல்லாம் ஒவ்வொன்றாக என் முன் வந்து நின்றன. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமை போனது இரண்டாம் முறை பார்க்க அல்ல. வெள்ளிக்கிழமை அவர் அந்தக் காட்சியைப் பார்க்கவே இல்லை.

சித்தப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. படம் பார்க்கும்வரை செய்தியை என்னிடமிருந்து மறைத்துவிட்டதாகவே அவர் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார், இருக்கட்டும். இடிதாங்கி எப்படிச் செத்தான் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்னும் சொல்லத் தெரியாது. அப்போது நான் சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.