என் பொறுப்பில் இருந்த பெரியம்மா

டில்லி மந்திர் மார்க் பள்ளியில் என்னோடு படித்தவர்களின் பெரியப்பாக்களெல்லாம் பாங்கிலோ ரயில்வேயிலோ இருந்தார்கள். வீட்டுக்கு வந்தால் பொம்மை வாங்கி வருவார்கள். எங்கள் பெரியப்பா மிஷனரி. அவர் வந்தால் எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்.

இமயமலையில் ஒரு கணவாயைத் தாண்டிப் போக வேண்டிய பள்ளத்தாக்கில் அவரும் பெரியம்மாவும் பள்ளிக்கூடங்கள் நடத்தினார்கள். அம்மாவின் அக்காவான பெரியம்மா, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காட்டு வெயிலில் வளர்ந்து, கல்யாணமான கையோடு அந்தக் குளிருக்குள் போனவள். பனி விழுந்தால் கணவாய் மூடிவிடும். பிறகு ஆறு மாதம் யாரும் உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. அதற்கு முன்னால் மேல்வகுப்புப் பிள்ளைகளை டில்லிக்கு அழைத்து வந்து ரயிலையும் மிருகக்காட்சி சாலையையும் காட்டுவார்கள். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் குளிர்காலம் முழுவதற்குமான புளி, அப்பளம், காப்பித்தூள் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். தங்குவது சரோஜினி நகரில் எங்கள் குவார்ட்டர்ஸில். ஹாலில் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு வரிசையாகப் பாய் விரித்தால் பால்கனிக்குப் போக வழி இருக்காது.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷம் பெரியம்மாவுக்கு டில்லியில் இன்னொரு வேலையும் இருந்தது. காலையில் அம்மாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாள். மத்தியானம் எக்ஸ்ரே உறையோடு திரும்பி வருவாள். நெஞ்சில் ஏதோ கோளாறாம். மருந்து எடுத்துக்கொண்டு டாக்டரின் கண்பார்வையில் இருக்க வேண்டுமாம். இந்தக் குளிர்காலம் மட்டும் டில்லியில் இருந்துவிடு என்று அம்மா கெஞ்சினாள்.

"உள்ள போயிட்டியன்னா பங்குனி வரைக்கும் ஒரு டாக்டர் கெடையாதுக்கா. பள்ளிக்கூடத்த அத்தான் பாத்துக்கிடட்டும்."

"வழி அடைச்சிரும்னு தெரிஞ்சுதான பெத்தவங்க பிள்ளைகள எங்கள நம்பி விட்டுருக்காங்க. நான் மட்டும் எறங்கி வந்து இங்க ஹீட்டர் போட்டுட்டு உக்காந்தா நல்லாருக்குமாட்டி?" என்றாள் பெரியம்மா. அம்மா பாத்திரங்களை வேகமாகத் தேய்த்தாள்.

பெரியவர்களின் இந்தப் பேச்சு எனக்குச் சலிப்பாக இருந்தது. என் கவனமெல்லாம் மலைப் பிள்ளைகளுக்கு டில்லியைக் காட்டி அசத்துவதில் இருந்தது. எஸ்கலேட்டரில் எப்படி ஏறுவது, மெட்ரோவில் எங்கே பிடித்துக்கொள்வது என்று ஹிந்தியில் வகுப்பே எடுத்தேன். அவர்களும் பாவம், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஹாலில் ஆஜர் எடுத்தார்கள். அவர்கள் பள்ளியில் ஆஜர் எடுக்கும் விதமே தனி. பெயரைக் கூப்பிட்டால் அந்தப் பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளும் இன்னொரு பிள்ளைதான் "இருக்கான்" என்று சொல்ல வேண்டும். ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஒருவர். வராவிட்டால் ஏன் வரவில்லை, காய்ச்சலா, ஆடு மேய்க்கப் போய்விட்டானா என்பதையும் அவரே சொல்ல வேண்டும். இதென்ன கூத்து என்று நான் கேட்டேன்.

"இல்லாதவன் எப்படிம்மா பதில் சொல்லுவான்?" என்றார் பெரியப்பா.

பெரியம்மா என்னையும் அந்தச் சங்கிலியில் சேர்த்துவிட்டாள். சிவந்த கன்னமும் ஆண்பிள்ளை ஸ்வெட்டருமாக இருந்த ஒரு பெண்ணின் பொறுப்பில் நான். எனக்கு மகா அவமானம். டில்லியில் பிறந்த என்னை, நேற்றுத்தான் முதன்முதலாக ரயிலைப் பார்த்தவள் பார்த்துக்கொள்வதா?

"சரி, என் ஆள் யாரு?" என்றேன்.

பெரியம்மா கொஞ்சம் யோசித்தாள். "நான்தான். என்னைய நீ பாத்துக்கோ."

குழந்தையைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பெரிய ஆள் எங்கே தொலைந்து போகப் போகிறாள்?

மறுநாள் மார்க்கெட்டில் சாமான் வாங்கிவிட்டு, பக்கத்திலேயே மெட்ரோ பிடித்து, காஷ்மீரி கேட்டில் சாயங்கால பஸ் ஏறுவதாக ஏற்பாடு. கணவாய்ப் பக்கம் மேகம் திரண்டிருப்பதாகப் போன் வந்திருந்தது. அந்த பஸ்ஸை விட்டால் வழி மூடிவிடலாம். பெரியப்பா நிமிஷத்துக்கொரு தரம் "ஜல்தி, ஜல்தி" என்றார்.

நான் வழிகாட்டி அல்லவா, முன்னால் நடந்தேன். மீன் சந்தில் உயிர் நண்டு இருக்கும், அதைக் காட்டலாம் என்று திரும்பினேன். கடைக்காரர் ஒரு நண்டைத் தூக்கிக் காட்டினார். "பார்த்தீர்களா?" என்று பெருமையாகப் பின்னால் திரும்பினால் யாரையும் காணோம்.

அவர்கள்தான் தொலைந்துவிட்டார்கள் என்று நான் உறுதியாக நம்பினேன். மாதாமாதம் அம்மாவோடு வந்த மார்க்கெட்தான். ஆனால் அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டே வந்து பழகியதால் ஒரு சந்தும் தெரியாது என்பது அழுகை முட்டும்போதுதான் புரிந்தது.

"அண்ணா, என்கூட வந்த எட்டுப் பிள்ளைங்க தொலைஞ்சு போயிட்டாங்க" என்று நண்டுக்காரரிடம் ஹிந்தியில் சொன்னேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அச்சா? எட்டுப் பேரும் ஒண்ணாத் தொலைஞ்சாங்களா?" என்று கேட்டுவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

அதே நேரம் மெட்ரோ வாசலில் நடந்ததை அம்மா பிற்பாடு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். நான் பெரியம்மாவோடு வருவதாக அம்மா நினைத்திருக்கிறாள், அம்மாவோடு வருவதாகப் பெரியம்மா. பெரியப்பா தன் எட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துச் சரி என்றுவிட்டார். எல்லோரும் எஸ்கலேட்டரில் கால் வைக்கும்போது அந்தச் சிவந்த கன்னக்காரி மட்டும் அதன் வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"மேரீ வாலீ நஹீ ஹை."

என் ஆளைக் காணோம் என்கிறாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பெரியப்பா அதட்டினார். காவலாளி வழியை விடச் சொன்னார். அவள் அசையவில்லை. பிறகுதான் அம்மாவுக்கு உறைத்திருக்கிறது. அலறிக்கொண்டு ஓடிய அம்மாவைக் கையைப் பிடித்து நேராக நண்டுக் கடைக்கே அழைத்து வந்தவளும் அவள்தான். மார்க்கெட்டுக்குள் நுழையும்போதே நான் அந்த நண்டுகளை வாய் பிளந்து பார்த்ததை அவள் பார்த்து வைத்திருந்தாளாம். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்தவள் காஷ்மீரி கேட் வரை விடவில்லை.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அம்மா பெரியம்மாவின் பையைக் கீழே வைக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "இந்த பஸ் போனாப் போகட்டும்க்கா. இரேன்."

பெரியம்மா அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிப் பையை வாங்கிக்கொண்டாள். பெரியப்பா படியில் நின்று ஆஜர் எடுத்தார். என் பெயருக்கு என் காலரைப் பிடித்திருந்தவள் "ஹை!" என்று ஆஜர் சொன்னாள். கடைசியில், "டீச்சர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருக்காங்க!" என்று கத்தினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் தொலைந்து போனதற்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்து, இனிமேல் தொலையவே மாட்டேன் என்று ஆறுதல் சொன்னேன்.

இரண்டு நாளில் கணவாய் மூடிவிட்டது. பெரியம்மா அந்தக் குளிர்காலத்தை அங்கேயே தாண்டினாள். வழி திறந்ததும் இறங்கி வந்து ஆபரேஷன் செய்துகொண்டு, பிளாஸ்திரி பிரித்த கையோடு திரும்பவும் மலையேறினாள். அப்படி ஒரு பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை. இன்றைக்கும் அந்தப் பள்ளிகள் நடக்கின்றன. என்னைக் கண்டுபிடித்தவள்தான் இப்போது அங்கே ஆஜர் எடுக்கிறாள்.

ஆனால் அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது எங்கள் வீட்டுப் போன்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியப்பாவும் பெரியம்மாவும் பனியில் நடந்து தபாலாபீஸுக்குப் போய்க் கூப்பிடுவார்கள். மணி அடித்தால் அம்மா எடுக்கவே மாட்டாள். போன் பக்கத்திலேயே நின்றாலும் அடுக்களைக்குள் போய்விடுவாள். "உன் ஆளுதான, நீயே எடு" என்பாள். நான் எடுத்து, பெரியம்மாவின் குரலைக் கேட்டு, "இருக்காங்க!" என்று கத்துவேன். அதுவரை அடுக்களையில் குழாய்த் தண்ணீர்ச் சத்தம்கூடக் கேட்காது. அதற்குப் பிறகுதான் அம்மா ஓடி வந்து ரிசீவரை வாங்குவாள். என் பொறுப்பை அம்மா எவ்வளவு மதிக்கிறாள் என்று எனக்கு அப்போதெல்லாம் ரொம்பப் பெருமையாக இருக்கும்.